சம்பந்தியைக் கிளறாதீர்கள்

தேநீர் கொடுத்தால், குடிப்பதற்கு முன் கோப்பையைத் தலைக்கு மேலே தூக்கி அதன் அடியைப் பார்ப்பார் எங்கள் சம்பந்தி. தட்டு, முக்காலி, பூந்தொட்டி, வாசலில் நான் கழற்றிப் போட்ட செருப்பு, எதுவானாலும் முதலில் அடி, பிறகுதான் மேல். "மேல்பக்கம் விக்கிறவனுக்கு, சம்பந்தியம்மா. அடிப்பக்கம் வாங்குறவனுக்கு" என்பார். இப்படிப் பார்த்துப் பார்த்து, எங்கள் வீட்டுத் தரைவிரிப்பில் தேநீர் சிந்தாத இடம் என்று சன்னலுக்குக் கீழே ஒரு சாண் அளவுதான் மிச்சம்.

மூன்று கால் நாற்காலி ஒன்றை மேடையேற்றி, அதற்காக இருநூறு பேரை அடித்துக்கொள்ள வைத்தவர் இவர் என்று நான் போகிற இடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். இருநூறு என்பது என் கைத் தாராளம். நிஜத்தில் இரண்டு பேர். அவர்களும் அடித்துக்கொள்ளவில்லை, முறைத்துக்கொண்டார்கள். நாற்காலிக்கு மூன்று கால் என்பது மட்டும் சத்தியம்.

காலி செய்யும் வீடுகளின் சாமான்களை வாங்கி ஏலம் விடும் ஒரு கூடத்தில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தவர். கட்டில், கடிகாரம், கண்ணாடி, யாரோ ஒருவருடைய மாமனார் உட்கார்ந்து தேய்ந்த சாய்வு நாற்காலி, எல்லாவற்றுக்கும் விலை கூவியவர். அவருடைய மகள் எனக்கு மருமகள். அவர் மனைவி காலமானதும் மகள் வீட்டுக்கு வந்தார். என் கணவர் காலமானதும் நான் மகன் வீட்டுக்கு வந்தேன். இரண்டும் ஒரே வீடு. ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பார்கள். இரண்டும் மழுங்கிவிட்டால் தாராளமாக இருக்கும்.

வீட்டுக்குள்ளேயே முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யாரையும் விரல் நீட்டிக் காட்டமாட்டார். ஏலக் கூடத்தில் விரல் நீட்டினால் 'உன் விலையை ஏற்றுக்கொண்டேன்' என்று பொருளாம். அதேபோல் அவர் எதிரில் நாம் மூக்கைச் சொறியக் கூடாது, அது விலை கேட்டதாகிவிடும். காலை உணவில் மிஞ்சும் கடைசி ரொட்டித் துண்டை அவர் தினமும் ஏலம் விடுவது வழக்கம். ஒருநாள் எனக்கு வேண்டவே வேண்டாத காய்ந்த துண்டு ஒன்று, மூக்கு அரித்த குற்றத்துக்காக என் தலையில் விழுந்தது. "கேட்டுட்டீங்க, கொடுத்தாச்சு. கூடத்துல திரும்பி வாங்குற பழக்கம் கிடையாது" என்று தட்டைத் தள்ளிவிட்டார். மென்று முடிக்கும்வரை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிராளி மனத்தைக் கிளறுவதுதான் தொழில் என்பதால், அதைப் பற்றி அவருக்குச் சொந்தமாக ஒரு சாத்திரமே உண்டு. எல்லாரையும் ஒரே கரண்டியால் கிளற முடியாதாம். வசதியானவனைச் சீண்ட வேண்டும். புதிதாகக் குடித்தனம் போடுகிறவர்களுக்கு ஆசை காட்ட வேண்டும். கஞ்சனைக் கூசவைக்க வேண்டும். அண்ணன் தம்பி இருவர் ஒரே பொருளைப் பார்த்துக்கொண்டு நின்றால் லேசாக உசுப்பினாலே போதும், "மிச்சத்தை அவங்க சின்ன வயசு பாத்துக்கும்." துணையை இழந்துவிட்டு வருகிறவர்களிடம் மட்டும் குரலை இறக்கிவிட வேண்டும். "அவங்க மனசைத் தொடலாம், தட்டக் கூடாது" என்பார். இதைச் சொல்லும்போது மட்டும் என் பக்கம் திரும்பமாட்டார். அது மரியாதையா, இல்லை நான் சரியான வாடிக்கைக்காரி இல்லை என்ற முடிவா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

போன குளிர்காலத்தில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, வேண்டியதைச் செய்து, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லும்போது, மீசை சரியாக முளைக்காத ஒரு டாக்டர் கட்டிலருகே நின்று மூன்றே மூன்று ஆங்கிலச் சொற்களைச் சொன்னார்: "டோன்ட் எக்சைட் ஹிம்." அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஏனென்றால் என் மருமகள் மொழிபெயர்ப்பாளர். மருந்துப் பெட்டிக்குள் நாலாக மடித்து வைத்திருப்பார்களே ஒரு காகிதம், மாத்திரையை எடுத்த கையோடு நாம் குப்பையில் போடுவோமே, அதைத் தமிழில் எழுதுகிறவள் அவள். யாரும் படிக்காத எழுத்தை அவளைப் போலக் கவனமாக எழுதுகிறவர்கள் கிடையாது. ஜெனரேட்டர் ஓட்டும் விதம், சட்டக் காகிதம், சினிமா விளம்பரம் என்று வருவதையெல்லாம் செய்வாள். அவள் தொழிலில் ஒரு விதி இருக்கிறது. ஒரு சொல்லுக்குப் பல அர்த்தம் இருந்து, எழுதியவன் எதை நினைத்து எழுதினான் என்று தெரியாவிட்டால், நாமாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. எல்லாவற்றையும் உள்ளடக்கி எழுதிவிட வேண்டும். விட்டுப்போன அர்த்தத்தால் ஓர் உயிர் போய்விட்டால் யார் பதில் சொல்வது?

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் மூன்று அகராதிகளை விரித்துப்போட்டு உட்கார்ந்தாள். ஜெனரேட்டர் புத்தகத்தில் 'எக்சைட்' என்ற அந்தச் சொல் வந்தால், கம்பிச் சுருளுக்கு மின்சாரம் ஊட்டி அதை உயிர்ப்பிப்பது என்று எழுதுவாளாம். காவல்துறைக் காகிதத்தில் வந்தால் கூட்டத்தைத் தூண்டிவிடுவது. மருந்துக் காகிதத்தில் நரம்பைக் கிளர்த்துவது. பிள்ளைகள் புத்தகத்தில் குதூகலப்படுத்துவது. விளம்பரத்தில் பரபரப்பூட்டுவது. ஆவலைக் கிளப்புவதும் அதுதான், ஆத்திரத்தைக் கிளப்புவதும் அதுதான், பொறாமையை மூட்டுவதும் இரக்கத்தைச் சுரக்கவைப்பதும் அதுதான். அடுத்ததற்கு வந்தபோது இருமினாள், இருமிக்கொண்டே பக்கத்தைத் திருப்பினாள். எனக்குக் காது மந்தம், அந்த ஓர் அர்த்தத்தை மட்டும் இன்னொரு முறை வாசி என்று கேட்டேன். என் மகன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான். சம்பந்தி சன்னலுக்கு வெளியே புறாக்களைப் பார்த்தார். புறாக்கள் அன்றைக்கு வரவில்லை.

டாக்டரையே கேட்டுவிடலாமே என்றான் மகன். கேட்டோம். தொலைபேசியை எடுத்த பெண் எங்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய் விசாரித்து வந்தாள். அதே மூன்று சொற்களைத்தான் கொண்டுவந்தாள். இந்த முறை கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

மருமகள் அகராதிகளை மூடினாள். "எந்த அர்த்தத்துல சொன்னார்னு நமக்குத் தெரியாது, அத்தை. தெரியாதப்போ எல்லாத்தையும் நிறுத்திடணும். மருந்து விஷயம்."

எல்லாம் நின்றது. தொலைக்காட்சியில் பந்தாட்டம் பரபரப்பு என்பதால் போயிற்று. செய்தி ஆத்திரம் என்பதால் போயிற்று. பொம்மைப் படம் குதூகலம். கடைசியில், கடலுக்கடியில் மீன்கள் நீந்துகிற ஒரு நிகழ்ச்சி மட்டும் தேறியது. அதிலும் ஒருநாள் பெரிய மீன் ஒன்று சின்ன மீனை விழுங்கித் தொலைத்தது. மருமகள் ஓடிவந்து அணைத்துவிட்டாள். கூடத்து நண்பர்கள் தொலைபேசியில் கூப்பிட்டால் அப்பா தூங்குகிறார். நான் சொல்லும் கதைகளுக்கும் தடை விழுந்தது. மற்றவர்கள் பேச்சில் ஒன்றிரண்டு அர்த்தம்தான் ஆபத்தாம், என் கதைகளில் அத்தனையும் இருக்கிறதாம். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். ரொட்டி ஏலமும் போயிற்று. கடைசித் துண்டு கேட்பாரற்றுத் தட்டிலேயே கிடந்தது.

சம்பந்தி மகளிடம் வழக்காடிப் பார்த்தார். கூடத்தில் தனியாக விலை போகாத உதிரிச் சாமான்களை, உடைந்த குடைக்கம்பி, ஒற்றைக் கரண்டி, மூடியில்லாத கூஜா, இவற்றையெல்லாம் ஒரு கயிற்றில் கட்டி 'லாட்' என்று தள்ளிவிடுவார்களாம். "நீ என்னை லாட் கட்டிட்ட, கண்ணு. சிரிப்பையும் கோவத்தையும் ஒரே கயித்துல கட்டிட்ட" என்றார். அவள் கேட்கவில்லை. தகப்பன் உயிர் என்று வரும்போது எந்த மகள் கயிற்றைத் தளர்த்துவாள்? அவரும் விட்டுவிட்டார். என்ன இருந்தாலும் அவர் பெற்ற பெண். பிடித்த விலையில் நிற்பது ரத்தத்தில் இருக்கிறது.

இந்த லட்சணத்தில் வீட்டுக்குள் ஒரு நல்ல சேதி நுழைந்தது. மருமகள் உண்டாகியிருந்தாள்.

பத்து வருடங்களுக்கு மேல் காத்திருந்த சேதி. சரியாகச் சொன்னால் இது இரண்டாவது. முதல் முறை அவள் பூரிப்பில் எல்லாருக்கும் முந்தி அப்பாவிடம்தான் சொன்னாள். அவர் கூடத்தில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார். சில வாரங்களுக்கு மேல் அது தங்கவில்லை. அந்தச் சேதி வந்த அன்று மாலையே அவருக்கு ஏலம் இருந்தது. வரிசையில் பிள்ளைகள் ஏறி ஆடும் ஒரு மரக்குதிரை வந்தது. அதைத் தூக்கிக் காட்டியவர் விலை சொல்ல வாய் எழாமல் அப்படியே நின்றார். கூடியிருந்தவர்கள் அதை அவருடைய புதுத் தந்திரம் என்று நினைத்துக்கொண்டு விலையை ஏற்றினார்கள். அவர் நிற்க நிற்க ஏற்றினார்கள். அவருடைய நெஞ்சு முதலில் முனகியது அந்த ராத்திரிதான் என்பது மருமகளின் கணிப்பு.

ஆகவே இந்த முறை அவருக்குச் சொல்வதில்லை என்று தீர்மானித்துவிட்டாள். சந்தோஷமும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறதே. சந்தோஷத்தில் ஒரு தடவை, அது மறுபடி தங்காமல் போய்விட்டால் துக்கத்தில் ஒரு தடவை. எந்தத் தடவையில் அவர் நெஞ்சு நிற்கும் என்று யார் கண்டது? என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். என்னிடம் ரகசியம் சொல்வது சல்லடையில் தண்ணீர் மொள்வது போல என்பது ஊரறிந்தது. அந்தச் சல்லடையின் கண்களை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டாள். நான் அந்த மாதங்களில் வாயைத் திறந்ததெல்லாம் சாப்பிடவும் கொட்டாவி விடவும்தான்.

நாலு மாதம் தாண்டியதும் டாக்டரம்மா எல்லாம் நன்றாக இருக்கிறது என்றாள். இனி அப்பாவுக்குச் சொல்லலாம், ஆனால் ஒரேயடியாகச் சொல்லக் கூடாது, மாத்திரையை உடைத்துக் கொடுப்பதுபோல உடைத்து உடைத்துத்தான் என்று முடிவானது. முதல் துண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுக்கப்பட்டது. "அப்பா, இனிமே நம்ம வீட்ல இடம் பத்தாதுபோல இருக்கு." அவர் தலையாட்டினார். ஒரு வாரம் ஆறவிட்டு இரண்டாவது துண்டு. "சீக்கிரத்துல ஒரு மாற்றம் வரப்போகுதுப்பா. எல்லாருக்கும் நல்லதுதான்." அதற்கும் தலையாட்டினார். நாடி பார்த்தோம், நன்றாக அடித்தது. மருமகளுக்குத் தன் மொழிபெயர்ப்பின் மேல் அபார நம்பிக்கை வந்துவிட்டது.

அவர் அறையில்தான் வெளிச்சம் அதிகம். அங்கே தொட்டில் போட இடம் இருக்குமா என்று, அவர் நடக்கப் போயிருந்த நேரத்தில் என் மகன் அளவு டேப்பைப் பிடித்துச் சுவரை அளந்தான். மழை வரும்போல இருந்ததால் அவர் சீக்கிரம் திரும்பிவிட்டார். வாசலில் நின்று மாப்பிள்ளையைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார். "சும்மா, மாமா" என்றான் இவன். சும்மா என்று சொல்லிக்கொண்டு இந்த உலகத்தில் யாரும் டேப் பிடித்ததில்லை.

அதிலிருந்து அவர் அடங்கிப்போனார். எதிர்க்கேள்வி இல்லை. ரொட்டியின் ஓரத்தை மகள் வெட்டிக் கொடுத்தால் வெட்டியபடி சாப்பிட்டார். தன் ரேடியோவை முடிதிருத்துகிறவருக்குக் கொடுத்துவிட்டார். நல்ல மேல்கோட்டைக் கீழே காவலாளிக்குப் போட்டுப் பார்த்து, தோள் சரியாக இருக்கிறது என்று அவனிடமே விட்டுவிட்டு வந்தார். "பாத்தீங்களா அத்தை, அப்பா எவ்வளவு அமைதியாயிட்டார்" என்று மருமகள் மகிழ்ந்தாள். டாக்டர் சொன்னது பலித்துவிட்டதாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஒரு காலையில் தேநீர்க் கோப்பையை வாங்கியவர் அதைத் தூக்கிப் பார்க்காமல், கொடுத்ததைக் கொடுத்தபடி குடித்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேண்டுமென்றே அவர் எதிரில் உட்கார்ந்து மூக்கைச் சொறிந்தேன். இரண்டு முறை சொறிந்தேன். அவர் மீன் நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பிற்பகல் மகனும் மருமகளும் ஸ்கேன் எடுக்கப் போனார்கள். அவரிடம் வழக்கம்போல ஒரு வேலையாகப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் தேநீரோடு அவர் அறைக்குப் போனேன். கட்டிலில் ஒரு தோல்பை வாயைப் பிளந்து கிடந்தது. உள்ளே சட்டைகள், கழுத்துப்பட்டி மேலே வருமாறு மடித்து அடுக்கியிருந்தன. அலமாரி காலி. அவர் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார், ரயிலுக்கு முன்கூட்டியே வந்துவிட்டவர் மாதிரி.

"வாங்க, சம்பந்தியம்மா. சாமான் பாக்க வந்தீங்களா?" என்றார்.

என்ன இது, எங்கே புறப்பாடு என்று கேட்டேன்.

"அது எனக்கு எப்படித் தெரியும்? இடத்தை அவங்கதானே முடிவு பண்ணணும்." குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "நான் எத்தனை வீடு காலி பண்ணியிருக்கேன். எனக்குத் தெரியாதா? முதல்ல வீட்ல குரல் இறங்கும். அப்புறம் இடம் பத்தலைன்னு பேச்சு வரும். அப்புறம் டேப் வரும். அப்புறம் பெரியவர்கிட்ட எல்லாரும் ரொம்ப அன்பா இருப்பாங்க. ரொட்டி ஓரத்தை வெட்டிக் கொடுப்பாங்க. அதுக்கப்புறம்தான் எங்க கூடத்துக்கு ஃபோன் வரும்."

கையில் இருந்த தேநீரைக் கீழே வைக்க எனக்கு இடம் தெரியவில்லை. அப்படியெல்லாம் இல்லை, அவர்கள் அப்படிச் செய்வார்களா என்று ஏதோ உளறினேன். வாழ்நாள் முழுவதும் பொய்யை மெய்போலச் சொன்னவள், அன்றைக்கு மெய்யைச் சொன்னேன், அது பொய்போல வந்தது. அவர் அதை நம்பாததில் வியப்பில்லை, நானே நம்பியிருக்கமாட்டேன்.

"மகள் மேல வருத்தமில்லை" என்றார். "நானா போயிட்டா அவளுக்குச் சங்கடம் இல்லை. வருத்தப்படவும் எனக்கு அனுமதி இல்லையே." சிரித்தார் என்று சொல்ல முடியாது, உதடு கொஞ்சம் விலகியது. பிறகு எழுந்து நின்றார். மணிக்கட்டுப் பொத்தானைச் சரிபார்த்தார். என்னைப் பார்க்காமல், என் தலைக்கு மேலே, இல்லாத கூட்டத்தின் கடைசி வரிசையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். மேடையில் எப்படிக் கூவுவார் என்று நான் கேள்விப்பட்டதுதான், அன்றைக்கு அந்தக் கூவல் கிசுகிசுப்பாக வந்தது.

"அடுத்த சாமான். பழைய அப்பா, ஒண்ணு. நல்ல மரம். மெருகு போயிருக்கு. உள்ளே ஒரு ஸ்ப்ரிங் ரிப்பேர். அதிகம் இடம் அடைக்காது. சத்தம் போடாது, போடாம இருக்கப் பழக்கியிருக்கு. உள்ளது உள்ளபடி. எடுத்தா திருப்ப முடியாது. ஆரம்ப விலை யார் சொல்றீங்க?"

அறையில் நான் ஒருத்திதான்.

"யாரும் கேக்கலை" என்றார். "ஒரு தரம்."

மருமகளுக்குக் கொடுத்த சத்தியம் இருந்தது. சொன்னால் அவர் நெஞ்சு என்ன ஆகுமோ என்று ஒரு பக்கம். சொல்லாவிட்டால் இந்த மனிதர் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிடுவார் என்று இன்னொரு பக்கம். மருமகளுடைய மூன்று அகராதியிலும், மனிதர் தன்னைத் தானே இப்படி விலை கூவிக்கொள்ளும்போது நெஞ்சுக்குள் கிளம்புகிறதே, அதற்கு ஓர் அர்த்தம் போட்டிருக்கவில்லை.

"ரெண்டு தரம்."

கையைத் தூக்கினேன். மூக்கைச் சொறியவில்லை, சந்தேகத்துக்கு இடமில்லாமல் காதுக்கு மேலே தூக்கினேன்.

"ஒரு பேரப்பிள்ளை" என்றேன்.

அவர் கண் கடைசி வரிசையிலிருந்து மெல்ல இறங்கி என்மேல் வந்து நின்றது. "என்ன கேட்டீங்க?"

"காது கேட்டிருக்கும். ஒரு பேரப்பிள்ளை. அஞ்சு மாசம். அதுதான் என் விலை, அதுக்கு மேல என்கிட்ட இல்லை."

"யாருக்கு?"

"இந்த வீட்ல வேற யாருக்கு வரும்? எனக்கா?"

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். நான் மாத்திரை டப்பா எங்கே என்று கண்ணால் தேடிக்கொண்டே, கொட்டிவிட்டேன். இடம் பத்தாதது எதனால், மாற்றம் என்பது எது, இன்றைக்கு இருவரும் போயிருப்பது எங்கே, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கவிழ்த்துவிட்டேன். மாத்திரையை உடைப்பதாவது ஒன்றாவது, டப்பாவையே கவிழ்த்தேன். "உங்களைக் கிளறிடக் கூடாதுன்னுதான் அவ சொல்லலை" என்றேன். "மரக்குதிரைய அவ மறக்கலை, சம்பந்தி."

"அந்த டேப்பு?"

"தொட்டிலுக்கு. உங்க அறையிலதான் வெளிச்சமாம்."

இதற்கு மேல் நடந்ததை நான் பக்கத்துக் குடித்தனக்காரர்களுக்குச் சொன்னபடியே இங்கே எழுதுகிறேன். சம்பந்தி நிமிர்ந்தார். ஒரு நெஞ்சு கொள்ளும் காற்றை இழுத்தார். "மூணு தரம்" என்று அவர் போட்ட போட்டில் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எதிர்க் கட்டடத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. தெருவில் போன ஒரு வண்டிக்காரர் பிரேக் போட்டு, எங்கே ஏலம் என்று விசாரித்தார். சம்பந்தி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நல்ல விலை, நல்ல விலை என்று அறையைச் சுற்றி வந்தார்.

இதுவரை எழுதியதை நேற்று மருமகளுக்கு வாசித்துக் காட்டினேன். பத்திரிகைக்குப் போகிற எழுத்து, பிழை பார்த்துக் கொடுக்க வீட்டிலேயே ஆள் இருக்கும்போது விடுவானேன்? ஏழாம் மாதம், காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு கேட்டாள். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை என்றாள். பிறகு காலை முக்காலியிலிருந்து கீழே இறக்கினாள்.

"அத்தை, நான் அன்னிக்கு அப்பவே திரும்பி வந்துட்டேன். கதவு பக்கத்துலதான் நின்னேன், நீங்க ரெண்டு பேருமே என்னைப் பாக்கலை" என்றாள். "அப்பா மூணாவது தரம் சொல்லவே இல்லை. கத்தலை, கையைப் பிடிக்கலை. பையில இருந்த சட்டையெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்து மறுபடி அலமாரியில வச்சார். மேல் தட்டுல மட்டும், நெருக்கி நெருக்கி. கீழ் ரெண்டு தட்டையும் தன் கைக்குட்டையால துடைச்சு, காலியா விட்டுட்டார்."